மர விமானத்தின் இறக்கையை ஒட்ட ஃபெவிகால் போதுமா?

கிருஷ்ணகிரியில் வீட்டிலேயே சிறு மர விமானம் கட்டுகிறீர்கள், இறக்கை ரிப்களை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களை) ஒட்ட ஃபெவிகால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கட்டில், பீரோவுக்கு அந்த வெள்ளைப் பசை அருமைதான். ஆனால் காய்ந்த பிறகும் தொடர்ந்து பாரம் ஏறினால் மெல்ல மெல்ல நழுவும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

காலங்காலமாக நம்புவது ரிசார்சினால் பசையை. கொதிநீருக்கும் அசையாது. அமெரிக்க விமானத் துறையின் ஏசி 43.13-1பி கையேடு பரிந்துரைப்பதும் இதைத்தான். ஆனால் கறாரான பசை: மரம் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், கிளாம்ப் போட்டு நன்றாக இறுக்க வேண்டும், காயும்வரை 21 டிகிரியாவது இருக்க வேண்டும். மார்கழி இரவில் ஓசூர், தளி பக்கம் ஒட்டுபவர்கள் கவனிக்கவும்.

அவ்வளவு துல்லியமாகச் சீவ வராது என்றால் டி-88 போன்ற எபாக்சி, அதாவது இரண்டு பாகங்களைக் கலந்து ஒட்டும் பிசின் பசை. சின்ன இடைவெளியை நிரப்பும், லேசாக அழுத்தினால் போதும். இறுக்கினால் பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும். சூடுதான் அதற்கு ஆகாது. சித்திரை வெயிலில் நிற்கும் கருநிற இறக்கைக்குள் எபாக்சி இளகலாம், அதனால் வெள்ளை பெயின்ட்தான். ஐந்து நிமிட எபாக்சி பக்கமே போக வேண்டாம்.

அப்புறம், எந்தப் பசையானாலும் ஒவ்வொரு முறை கலக்கும்போதும் மிச்சத்தில் இரண்டு துண்டு மரத்தை ஒட்டி வையுங்கள். நன்றாக இறுகியதும் உளியால் பிளந்து பாருங்கள். மர நார் கிழிந்து வந்தால் சரி. பசை மட்டும் பளபளவென்று உரிந்தால், அந்தக் கலவையில் ஒட்டிய ரிப்பைத் தூக்கிப் போடுங்கள்.