நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறேன்!

வணக்கம் மேடம்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். வயது 38. வேலையில் எனக்குப் பயமில்லை, ஆட்களைத்தான் சமாளிக்க முடியவில்லை.

எங்கள் தையல் லைன் சூப்பர்வைசருக்கும் செக்கிங் இன்சார்ஜுக்கும் தினமும் சண்டை. தையல் விட்டிருக்கிறது, ஆயில் கறை இருக்கிறது என்று அந்தப் பெண் பீஸைக் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்புகிறாள். அவர், 'இதெல்லாம் ஒரு குறையா?' என்று அவள் டேபிளுக்கே திரும்பத் தள்ளுகிறார். டெய்லர்களுக்குப் பீஸ் ரேட். பிரித்துத் தைத்தால் அதற்குக் கூலி கிடையாது. அதனால் அவர்கள் அவர் பக்கம், செக்கிங் பெண்கள் இவள் பக்கம். டீ குடிக்கக்கூட தனித்தனியாகத்தான் உட்காருகிறார்கள்.

அவர் வந்து அவளைக் குறை சொல்வார். அவள் வந்து அழுவாள். 'கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்' என்று எத்தனை தடவைதான் சொல்வது? மீட்டிங் போட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை. வெளியே போனதும் மறுபடி ஆரம்பம்.

போன மாதம் 5,000 பீஸ் ஆர்டருக்கு பையர் ஆள் இன்ஸ்பெக்‌ஷன் வந்தார். 200 பீஸ் எடுத்துப் பார்த்தார். ஏ.க்யூ.எல். 2.5 (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) கணக்கில் 10 குறை பீஸ் வரை விடுவார்கள். 13 வந்தது, ஃபெயில். மொத்தத்தையும் மறுபடி செக் பண்ணி, கப்பலைத் தவறவிட்டு, விமானத்தில் அனுப்பினோம். 'ரெண்டு பேரை அடக்க முடியலையா?' என்று முதலாளி என்னைத்தான் கேட்டார்.

அவள் படித்தவள், ஆனால் வாய் அதிகம். எல்லோர் முன்னாலும் 'இது தேறாது' என்று பீஸைத் தூக்கிக் காட்டுவாள். அவருக்கு 58 வயது, அந்த மரியாதை வேண்டாமா? நான் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, சேர்ந்தபோது எனக்கு மிஷின் பழக்கியவரே அவர்தான். இன்னமும் லைனில் எல்லோர் முன்பும் 'ஏங்கண்ணு' என்றுதான் என்னைக் கூப்பிடுவார், அது இருக்கட்டும். அவளுக்குப் பேசத் தெரியவில்லை, அதுதான் பிரச்சினை. நான் சொல்லியும் குறைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரர் வேலையை விட்டுவிடச் சொல்கிறார். அவளைப் பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். இருவரும் ஒத்துப்போக வேறு வழி இருக்கிறதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புச் சகோதரிக்கு,

13 பீஸில் குறை இருந்ததால் ஷிப்மென்ட் நின்றது. குறைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள். அவற்றை மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தவர் அவர். ஆனால், இடம் மாறப்போவது அவள்! ஏன் இப்படி என்பதற்கான பதிலையும் நீங்களே எழுதிவிட்டு, 'அது இருக்கட்டும்' என்று தாண்டிப் போய்விட்டீர்கள். நான் தாண்டப் போவதில்லை.

தொழில் சொல்லிக்கொடுத்தவரிடம், 'அண்ணா, இந்த பீஸ் போகக் கூடாது' என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை, எனக்குப் புரிகிறது. அவர் 'கண்ணு' என்பதில் பாசம் இருக்கிறது. 'இந்த மேனேஜர் என்னிடம் தொழில் பழகின பொண்ணு' என்ற சேதியும் அதோடு சேர்ந்து லைன் முழுக்கப் போகிறது. அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் சொல்லவில்லை.

மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் குடும்பங்களைக் கவனித்து ஒன்று சொன்னார். இரண்டு பேருக்குள் இறுக்கம் தாங்க முடியாமல் போகும்போது, மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அம்மாவிடம் தான் சொல்ல வேண்டியதை மனைவி வாயால் சொல்ல வைக்கிற ஆண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்புறம் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை என்று அந்த மனிதரே ஊரெல்லாம் வருத்தப்படுவார்.

நடுவில் மாட்டிக்கொண்டதாக எழுதுகிறீர்கள். எனக்கு என்னவோ அந்தப் பெண்தான் நடுவில் நிற்பதாகத் தெரிகிறது. அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பதவி பலம் இல்லாததால் சத்தம் போட்டுச் சொல்கிறாள். அவளை மாற்றினால் அந்த இடத்துக்கு வருபவரும் சண்டை போடுவார், இல்லையென்றால் பார்த்தும் பார்க்காததுபோல பீஸை விட்டுவிடுவார். அப்படி ஒருவர் வந்தால் லைன் அமைதியாகிவிடும். நீங்களும் நிம்மதியாக இருக்கலாம், அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் வரைக்கும்.

இருவரும் ஒத்துப்போக வழி கேட்கிறீர்கள். ஏன் ஒத்துப்போக வேண்டும்? ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் இறங்கியது என்பது அவருடைய கணக்கு. குறையோடு எத்தனை தப்பிப் போனது என்பது அவளுடைய கணக்கு. கம்பெனியே இவர்களை எதிரெதிராகத்தான் நிறுத்தியிருக்கிறது. இவர்களுக்குள் சத்தமே இல்லையென்றால்தான் நான் கவலைப்படுவேன். பீஸைப் பற்றிய வாக்குவாதம் நடக்கட்டும். அது 'வாய் அதிகம்', 'மரியாதை தெரியாதவள்' என்று ஆள்மேல் போனதற்குக் காரணம், பீஸைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் சொல்லாததுதான். 'அனுசரித்துப் போங்கள்' என்பது கேட்க நடுநிலையாக இருக்கும். குறை பீஸைத் திரும்பத் தள்ளுகிறவருக்குத்தான் அதில் லாபம். நீங்கள் நடுவில் இல்லை என்பதை லைனில் இருக்கும் டெய்லர்கள் உங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருப்பார்கள்.

அவரைத் தனியாகப் பாருங்கள். ஆபீஸுக்கு அழைத்து, உட்காரச் சொல்லி, அண்ணா என்றே பேசுங்கள். ஒரே விஷயம்தான்: செக்கிங் ஒதுக்கிய பீஸில் தகராறு வந்தால் அது உங்கள் மேஜைக்கு வர வேண்டும், பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளை வைத்துப் பார்த்து நீங்கள் முடிவு சொல்வீர்கள், அவள் டேபிளுக்குத் தள்ளுவது இனி கூடாது. 'கண்ணு' பற்றிப் பேச முடிந்தால் பேசுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். முடிவு உங்கள் கையில் இருப்பது தெரிந்துவிட்டால், அவர் கூப்பிடுவது வெறும் பாசமாகிவிடும்.

அந்தப் பெண்ணிடம், பீஸை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்ட வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம், அவரிடம் பேசி முடித்த பிறகு. பிரித்துத் தைப்பதற்குக் கூலி இல்லை என்பது உங்கள் முதலாளியிடம் நீங்கள் கொண்டுபோக வேண்டிய சண்டை. அதை டெய்லர்கள் தலையில் கட்டாதீர்கள்.

அவர் வருத்தப்படுவார். சில நாள் முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம். அதற்குப் பயந்து வீட்டுக்காரரைத் தூது அனுப்பிவிடாதீர்கள், இன்னொரு ஆள் நடுவில் வேண்டாம்.