லினக்ஸில் மூன்றாவது மானிட்டர் எரியவில்லை. விண்டோஸுக்கு மாறினால்தான் வருமா?

மாற வேண்டாம். உங்களிடம் இருப்பதும் பழைய கணினிதான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இதே பேச்சை நானும் கேட்டவன்.

தொண்டியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். இரண்டு மானிட்டர் எனக்கு. மூன்றாவதை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைக்க நினைத்தேன். ஐந்நூறு நிக்காஹ் பத்திரிகை அச்சாகி வந்த பிறகு, "எங்க அத்தா இனிஷியலே தப்பா இருக்கே தம்பி" என்று ஒருவர் கட்டைப் பிரித்தபடியே நின்றார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

மதர்போர்டில் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்றும் இருந்தன. மூன்றிலும் செருகினால் இரண்டுதான் எரிந்தது. பார்க்க வந்தவர் "லினக்ஸ்னா அப்படித்தான், விண்டோஸ் போடுங்க" என்று சொல்லிக் காசும் வாங்கிக்கொண்டு போனார். பதினொரு வருடமாக லினக்ஸில்தான் சோறு சாப்பிடுகிறேன், மனசு கேட்கவில்லை.

அன்று ராத்திரி, கட்டளை அடிக்கும் டெர்மினலில் எக்ஸ்ராண்டர் (xrandr) என்று அடித்தேன். எந்தெந்தத் திரை இணைந்திருக்கிறது என்று காட்டும் கட்டளை அது. மூன்றுமே 'கனெக்டட்' என்று வந்தன. மூன்றாவதை ஆன் செய்தால் மட்டும் சிஆர்டிசி இல்லை என்றது. தயாரான படத்தை எடுத்துத் திரைக்கு அனுப்பும் பாதைதான் சிஆர்டிசி (CRTC). என்னுடையது 2011இல் வந்த, சாண்டி பிரிட்ஜ் என்ற வகை இன்டெல் பிராசஸர். அதற்குள்ளேயே இருக்கும் உள் கிராபிக்ஸில் இந்தப் பாதை இரண்டுதான். பின்னால் எத்தனை வாய் இருந்தாலும், எந்த விண்டோஸ் போட்டாலும் இரண்டுதான் எரியும். அடுத்த வருடம் வந்த ஐவி பிரிட்ஜில்தான் மூன்றானது.

பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் போட்டேன். கார்டு போட்டதும் உள் கிராபிக்ஸ் தானாக அணைந்துவிடலாம். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் அதையும் ஆனில் வைக்க வேண்டும். எல்லா போர்டிலும் அந்த வசதி இருக்காது, வாங்கும் முன் பாருங்கள். எக்ஸ்ராண்டரோடு லிஸ்ட்புரோவைடர்ஸ் (xrandr --listproviders) சேர்த்து அடித்தால் கார்டு, உள் கிராபிக்ஸ் இரண்டும் தெரிய வேண்டும். லினக்ஸில் திரையைக் கையாள எக்ஸ்11 என்ற பழைய முறையும் வேலாண்ட் என்ற புதிய முறையும் உண்டு. வேலாண்டில் இந்த வழி செல்லாது என்று யாராவது வருவார்கள். தெரியும், நான் எக்ஸ்11இல் செய்ததைத்தான் சொல்கிறேன். டெஸ்க்டாப்பின் டிஸ்ப்ளே அமைப்பிலேயே இழுத்து வைக்கலாமே என்றால், வைக்கலாம். ஆனால் ஏன் வரவில்லை என்று அது சொல்லாது.

கடற்கரைப் பக்கம் என்றால் இன்னொன்று. ஆறு மாதத்தில் மூன்றாவது திரை மஞ்சளடித்தது. விஜிஏ கேபிளைக் கழற்றினால் ஊசிகளின் அடியில் பச்சையாகக் களிம்பு. நீலத்துக்கான ஊசியில் தொடர்பே இல்லை. கேபிளை மாற்றியதும் சரியானது. ஆனால் போன வருடம் மானிட்டரின் உள்ளேயே உப்பு ஏறிப் போனபோது, துருவுக்கு வாரண்டி கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதுரையில் வாங்குகிறவர் கொடுக்கும் அதே விலையைத்தானே நாங்களும் கொடுக்கிறோம்? கடல் காற்று அடிக்கிற ஊர் என்று தெரிந்துதானே இங்கே விற்கிறார்கள்?

உங்கள் எக்ஸ்ராண்டர் என்ன காட்டுகிறது என்று அப்படியே எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.