கரீபியன் தீவுகளுக்கு எப்போது போகலாம்? கேள்வி பதில்

கே (டொரண்டோ): டிசம்பரில் விலை தாங்கவில்லை. செப்டம்பரில் அறைகள் மலிவாகக் கிடைக்கின்றன. போகலாமா?

ப: எந்தத் தீவு என்று சொல்லவில்லையே! தீவுக்குத் தீவு பதில் மாறும். பொதுவாகச் சொன்னால், புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதில் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் உச்சம். கோடை முழுக்க வெயில் பட்ட கடல் அப்போதுதான் நன்றாகச் சூடேறியிருக்கும். 2017 செப்டம்பரில் இர்மா புயல் பார்புடாவையும் செயின்ட் மார்ட்டினையும் சிதைத்தது. அது போய் இரண்டு வாரத்துக்குள் மரியா வந்து டொமினிக்காவையும் புவேர்ட்டோ ரிக்கோவையும் புரட்டிப் போட்டது. குடும்பத்தோடு செப்டம்பரில் போக வேண்டாம்.

செலவும் குறைய வேண்டும், வானமும் தெளிவாக இருக்க வேண்டும் என்றால் ஈஸ்டர் கூட்டம் கலைந்த பிறகு, மே கடைசிக்குள் போங்கள். வாடகை இறங்கியிருக்கும், பல தீவுகளில் மழை இன்னும் பிடித்திருக்காது. ஜமைக்காவுக்கு மட்டும் மே வேண்டாம்; அங்கே மேயிலும் அக்டோபரிலும் மழை அதிகம்.

கே (நியூ ஜெர்ஸி): பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் விடுமுறை.

ப: தெற்கே அரூபா, பொனேர், குராசோ பக்கம் போங்கள். வெனிசுவேலா கரைக்கு அருகே இருக்கும் வறண்ட தீவுகள். புயல்கள் பெரும்பாலும் வடக்கே விலகிப் போய்விடும். ஆனாலும் பயணக் காப்பீட்டை முன்பே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால், பொதுவாக அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்குப் பணம் கிடைக்காது.

கே: விசா வேண்டுமா?

ப: விதிகள் அடிக்கடி மாறும். அந்தந்த நாட்டுத் தூதரகத்தைக் கேளுங்கள்.

கே: எந்த மாதம் பெஸ்ட்?

ப: முதல் பதிலைப் படியுங்கள். தீவின் பெயரோடு வாருங்கள்.

கே (நியூ ஜெர்ஸி நண்பருக்கு நான் சொன்னதை வைத்து ஒருவர்): கிரெனடாவும் தெற்குதான், அங்கேயும் புயல் வராது. என் நண்பர் ஆகஸ்டில் போய் நன்றாகச் சுற்றிவிட்டு வந்தார்.

ப: ஒருவர் நல்லபடியாகப் போய் வந்ததை வைத்து அடுத்தவரை அனுப்பாதீர்கள். 2004 செப்டம்பரில் ஐவன் கிரெனடாவில் பெரும்பாலான வீடுகளைச் சேதப்படுத்தியது. 2024 ஜூலை 1 அன்று பெரில் அதே நாட்டின் கேரியகூ தீவைத் தரைமட்டமாக்கியது. பருவம் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது!

கே (அவரே): அப்படியானால் பொனேருக்கு மட்டும் உத்தரவாதமா?

ப: இல்லை. உத்தரவாதம் என்று நான் சொல்லவே இல்லை. 1999 நவம்பரில் லென்னி வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தது. எப்போதும் அமைதியாக இருக்கும் மேற்குக் கரைகளில் அலை வந்து மோதியது. பொனேரின் பவளப்பாறைகளும் அடிபட்டன. அதனால்தான் காப்பீடு, காப்பீடு என்று சொல்கிறேன். பெயர் வைப்பதற்கு முன்பே!

கே (லண்டன்): மேயில் போனால் கரையெல்லாம் கடற்பாசியாமே?

ப: நல்ல கேள்வி. நானே மேயைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். 2011 முதல் சர்காசம் என்னும் பழுப்புப் பாசி பல ஆண்டுகளாகப் பெருமளவில் வருகிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தொல்லை அதிகம். கரையில் குவிந்து அழுகினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், வெள்ளி நகைகூடக் கறுத்துப்போகும். காற்றும் நீரோட்டமும் கிழக்கிலிருந்து தள்ளிவருவதால் கிழக்குக் கரைகளில்தான் அதிகம் ஒதுங்கும். பார்படோஸ் என்றால் மேற்குக் கரையில் அறை எடுங்கள்.

கே: டிரினிடாட் கார்னிவல் எப்போது?

ப: சாம்பல் புதனுக்கு (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் நாள்) முந்தைய திங்களும் செவ்வாயும். வறண்ட பருவம்தான், ஆனால் அறை கிடைப்பது கடினம். மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள்.

கே: மொத்தத்தில் எந்த மாதம் நல்லது?

ப: எந்தத் தீவு?