டெல்டாவுக்கு மே மாதம் வராதீர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். வரும் மே விடுமுறையில் நான்கு நாள் தஞ்சாவூர்ப் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், ஆறாவதும் ஒன்றாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் மெதுவாக நடப்பார், நடக்கப் பிடிக்கவும் செய்யும். வண்டி ஏற்பாடு செய்பவர்களிடம் கேட்டால் ஒரே நாளில் ஒன்பது கோயில் என்று பட்டியல் அனுப்புகிறார்கள். கோயில் வேண்டாம் என்றில்லை, காரில் ஏறி ஏறி இறங்குவதுதான் அலுத்துவிட்டது. பழைய பூங்கா, ஆற்றங்கரை, வயல் என்று எல்லோரும் சேர்ந்து சும்மா நடக்கிற மாதிரி இடங்கள் அங்கே உண்டா? ஊட்டியில் பொட்டானிக்கல் கார்டன் இருக்கிறது, டெல்டாவில் அப்படி என்ன இருக்கிறது என்று கணவர் கேட்கிறார்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

இடத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் மாதத்தை மாற்றுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். டெல்டாவின் காலண்டர் அதுதான். மே மாதம் நீங்கள் வந்தால் காவிரி என்று பார்க்கப்போவது மணலும் நாணலும். வாய்க்கால்களில் பொக்லைன் இறக்கித் தூர் வாரிக்கொண்டிருப்பார்கள். பாலத்தில் நின்று உங்கள் சின்னப் பிள்ளை "ஆறு எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்த வெயிலில் மாமியாரைக் காலை எட்டு மணிக்கு மேல் வெளியே கூட்டிப்போகவும் முடியாது. (மே மாதத்தில் ஒரே ஒரு சுகம் உண்டு. பம்புசெட் ஓடுகிற வயலாகப் பார்த்து, சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தொட்டியில் இறக்கிவிடலாம். அதற்காக மட்டும் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டாம்.)

பொங்கல் விடுமுறைக்கு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும். ஆற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்தாவது தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்கள். சம்பா பழுத்துத் தலை சாய்ந்திருக்கும், சில வயலில் அறுப்பு மெஷின் இறங்கியிருக்கும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது இங்கே பழக்கம். அதனால் நெல் போன தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டியே சிவகங்கைப் பூங்கா இருக்கிறது. 1871-72இல் நகராட்சி அமைத்தது. ஊட்டித் தோட்டத்தோடு ஒப்பிட்டால் தோற்றுப்போகும், அதை ஒப்புக்கொள்கிறேன். மலர்ப்பாத்தியை நம்பி இங்கே வரக்கூடாது. இங்கே பார்க்க வேண்டியது சிவகங்கைக் குளம். பூங்காவை விட எத்தனையோ நூற்றாண்டு மூத்தது. தஞ்சைத் தளிக்குளம் என்று அப்பர் பாடியது இதைத்தான் என்பார்கள். செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நகருக்கு வெளியே ஓர் ஏரி வெட்டி, அதன் நீரை இந்தக் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். மழை நீரை ஏரியில் பிடித்து, ஊருக்குள் இருக்கும் குளத்துக்கு விடுகிற ஏற்பாடு. இதைச் சொல்லிவிட்டுக் குளத்தைச் சுற்றினால் ஆறாவது படிக்கிற பிள்ளை நிச்சயம் ஏதாவது கேட்கும்.

பூங்காவை ஒட்டி 1779-இல் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் கட்டிய தேவாலயம் இருக்கிறது. திறந்திருந்தால் உள்ளே போய் ஒரு பளிங்குச் சிற்பத்தைப் பாருங்கள். சாகக் கிடக்கும் பாதிரியாரின் கட்டிலருகே சரபோஜி மன்னர் நிற்கிறார். லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மேனிடம் சரபோஜியே சொல்லிச் செய்வித்தது. ஒரு மராட்டிய மன்னர் தன்னை ஆளாக்கிய ஜெர்மன் பாதிரியாருக்காக இங்கிலாந்துச் சிற்பியிடம் செய்யச் சொன்ன சிற்பம் ஒரு தமிழ் ஊரில் இருப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

பெரிய கோயிலை மட்டும் தரிசனமாக இல்லாமல் நடையாக வைத்துக்கொள்ளுங்கள். உள்பிராகாரம் ஏறத்தாழ 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். ஒரு சுற்று முக்கால் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். சுற்றிலும் ஓடுகிற திருச்சுற்று மாளிகை ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன் எடுத்தது. கூரையும் நிழலும் உண்டு, மாமியார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனால் காலை நடை திறந்தவுடன் போங்கள், இல்லையென்றால் மாலை வெயில் தாழ்ந்த பிறகு. நடுப்பகலில் அந்தக் கல்தளத்தில் வெறுங்காலோடு நின்றவர்களுக்குத் தெரியும். புல்தரையில் சாயங்காலம் உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகளை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் உட்காருங்கள். கும்பகோணம் பக்கத்துத் தாராசுரம் கோயிலிலும் இதே மாதிரி புல்தரை உண்டு, கூட்டம் குறைவு.

அடுத்த நாள் திருவையாறு. தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் ஐந்து ஆறுகளைத் தாண்டுவீர்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. பாலம் வரும்போதெல்லாம் பெயர் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிடும். திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறையிலிருந்து கரையோடு நடங்கள். தியாகராஜர் சமாதியும் அந்தக் கரையில்தான். ஆராதனை நாட்களில் மட்டும் போகாதீர்கள், கச்சேரி கேட்க வந்தவர்களுக்கே இடம் இருக்காது.

முழங்கால் வலிக்காரர்களுக்கு டெல்டாவை விடத் தோதான நிலம் கிடையாது. ஏற்றமே இல்லை. பல கிராமங்களில் இருப்பதிலேயே உயரமான இடம் ஆற்றங்கரைதான். கரை மேல் நடந்தால் ஒரு பக்கம் தண்ணீரும், மறுபக்கம் தாழ்ந்து போகும் வாழைப் படுகையும் வயலும் தெரியும். கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வரும் வழியில் எங்கே நிறுத்தினாலும் அரை மணி நேர நடை கிடைக்கும். படித்துறைகளில் மட்டும் கவனம் தேவை. படிகள் உயரம், அடிப்படிகளில் பாசி. மாமியார் மேல்படியோடு நிற்கட்டும்.

கல்லணையைப் பலரும் ஒரு பூங்கா, ஒரு கரிகாலன் சிலை, ஒரு மீன் வறுவல் என்று முடித்துவிடுகிறார்கள். பூங்காவில் ஊஞ்சல் ஆடியது போதும், பிள்ளைகளை அணைக்குக் கூட்டிவாருங்கள். 329 மீட்டர்தான். ஆனால் மேலே வண்டி போகும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே நின்றால் ஓர் ஆறு நான்காகப் பிரிவதைக் கண்ணால் பார்க்கலாம். காவிரி, வெண்ணாறு, புது ஆறு மூன்றும் பாசனத்துக்கு. வெள்ளம் வந்தால் மிச்சத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்ளும். இதில் புது ஆறு மனிதர்கள் வெட்டியது, மேட்டூர் அணை வந்த 1934-ஐ ஒட்டி, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காக. எந்த ஷட்டர் எந்த ஊருக்கு என்று புரிந்துகொண்டால் அதற்குப் பிறகு நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு மதகும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

குளிக்க மட்டும் இறங்காதீர்கள். ஷட்டர் பக்கத்தில் தண்ணீர் மேலே அமைதியாக இருக்கும், அடியில் இழுக்கும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் உண்டு. முழங்கால் அளவு என்று நினைத்து வைக்கிற அடுத்த அடி ஆளை முழுகடிக்கும். இதில் நான் கொஞ்சம் பயந்தவன்தான், இருந்துவிட்டுப் போகிறேன்.

வயலுக்கு வருவோம். வெளிநாடுகளில் நடைபாதைக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள், இங்கே கிடையாது. வரப்பு யாரோ ஒருவருடையது. பக்கத்தில் வேலை செய்பவரிடம் "கொஞ்சம் நடந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அநேகமாக அவரே கூட வந்து காட்டுவார், டீ குடிக்கவும் சொல்வார். ஒருவர் பின் ஒருவராக நடங்கள். மடையைத் திறந்து விளையாட விடாதீர்கள், அது அவருடைய தண்ணீர் முறை. மோட்டார் ஒயர் எதையும் தொடக்கூடாது. கண்ணாடி விரியன் இருக்கும் நிலம் என்பதால் மூடிய செருப்பு போட்டுக்கொண்டு, பகலில் மட்டும்.

பறவை பார்க்க வடுவூர் ஏரி. மன்னார்குடி போகிற சாலையில் இருக்கிறது, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. கரையோடு நடக்கலாம், பறவை பார்க்கிற கோபுரத்தில் ஏற முடியாதவர்கள் கரையிலிருந்தே பார்க்கலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம், பொங்கலுக்கு வந்தால் சரியாக இருக்கும். ஒரு பைனாகுலரை இரவல் வாங்கி வாருங்கள். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவே இடைவெளி விட்டிருக்கும், சின்னவன் அதைக் கண்டுபிடிக்கட்டும்.

நான்காவது நாளைத் தரங்கம்பாடிக்குக் கொடுக்கலாம். 1792-ஆம் ஆண்டு நகரவாசலில் இறங்கி, ராஜவீதி வழியே 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைப் பார்த்துக்கொண்டு, 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை வரை போனால் கடல் வந்துவிடும். முழுக்கச் சமதரை, மாமியாரே நடந்துவிடுவார்.

ஒரு நாளைக்கு ஒரு நடை போதும். இரண்டு வைத்தால் மறுபடியும் அந்த ஒன்பது கோயில் கதைதான். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கழிப்பறை வசதி ஆற்றங்கரைக் கிராமங்களில் கிடைக்காது, தங்குமிடத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். நெடுஞ்சாலையில் பித்தளை டபராவைத் தொங்கவிட்டு "கும்பகோணம் டிகிரி காபி" என்று எழுதிய கடைகளை நம்பி வண்டியை நிறுத்த வேண்டாம், ஊருக்குள் வந்து குடிக்கலாம். பொங்கல் சமயத்தில் தஞ்சாவூரில் அறை கிடைப்பது கஷ்டம், அதனால் டிசம்பர் முதல் வாரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் செய்தியில் மேட்டூர் நீர்மட்டத்தையும் கல்லணையில் எந்த ஆற்றில் எவ்வளவு விடுகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்ணாற்றில் முறை என்றால் திருவையாற்றுக் காவிரியில் தண்ணீர் குறைவாக இருக்கும், நாளை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.