ஆக்சிஜன் சென்சாரைக் கழுவினால் போன மைலேஜ் திரும்புமா?

கேள்வி: வணக்கம். பெங்களூரு எஜிபுராவில் இருக்கிறேன், ஒயிட்ஃபீல்டில் வேலை. 2016 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி ஆறு மாதமாக 11-ஐத் தாண்டவில்லை. சர்வீஸ் சென்டரில் 'ஆக்சிஜன் சென்சாரில் கரி படிந்திருக்கிறது, கழுவ 2,800, மாற்ற 7,400' என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வீடியோவில் சென்சாரைப் பெட்ரோலில் ராத்திரி முழுக்க ஊறவைத்துக் கழுவுகிறார்கள். செக் எஞ்சின் லைட் எரியவில்லை. நானே கழுவலாமா, காசு கொடுத்துக் கழுவலாமா, மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். அந்த சென்சார்தான் குற்றவாளி என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு ஆதாரமும் இல்லை, எஸ்டிமேட் போட்டவர்களும் கரியைப் பார்த்துச் சொன்னார்களே தவிர, எதையும் அளந்து சொன்னதாகத் தெரியவில்லை.

கழுவுகிற விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளந்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல சைலன்சர் பைப்பில் திருகியிருக்கும் அந்த சென்சாரின் மூக்குக்குள் இருப்பது சிர்கோனியா என்கிற பீங்கான், அதன் மேல் மெல்லிய பிளாட்டினப் பூச்சு, அதற்கும் மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு. 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும், அதனால்தான் உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஓட்டும்போது ஏறும் அதிகச் சூட்டில் சாதாரணக் கரி தானாகவே எரிந்துபோகும், ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டினாலே போதும். எரியாமல் நிற்பது வேறு சரக்கு. எஞ்சினில் கேஸ்கெட்டுக்குப் பதில் தடவும் சிலிக்கோன் பசையின் ஆவி வெள்ளையாகப் படியும், எஞ்சின் ஆயில் குடித்தால் அதன் சாம்பல் படியும், கூலன்ட் கசிந்து உள்ளே போனாலும் படியும். இவை அந்தப் பூச்சுகளின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும், பெட்ரோலில் ஊறவைத்தாலும் ஆசிட்டில் போட்டாலும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலும் வராது, பூச்சுதான் போகும். ஆக, கழுவினால் போகக்கூடிய அழுக்கு கழுவாமலே போகும், கழுவ வேண்டிய அழுக்கு கழுவினாலும் போகாது. பெட்ரோல் சொட்டும் ஒரு பொருளைச் சூடான சைலன்சரில் திருகுவது தீ விபத்தைக் கூப்பிடுவது என்பதையும் அந்த வீடியோக்காரர் சொல்லியிருக்க மாட்டார். அந்த 2,800 ரூபாயைப் பையிலேயே வையுங்கள்.

அடுத்தது, 11 என்கிற கணக்கு எங்கிருந்து வந்தது? டேஷ்போர்டில் காட்டுவதா, நீங்கள் போட்டதா? ஒரே பங்க்கில் ஆட்டோ கட் ஆகும் வரை போட்டு டிரிப் மீட்டரை ஜீரோ செய்யுங்கள், மேலும் ஐம்பது ரூபாய்க்கு ரவுண்டு பண்ணச் சொல்லாதீர்கள், டேங்க் கால்வாசிக்கு வந்ததும் அதே பங்க்கில் அதே மாதிரி கட் ஆகும் வரை போடுங்கள். 389 கிலோமீட்டர் ஓடி 32.4 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 12. இப்படி மூன்று டேங்க் பார்த்த பிறகு வருவதுதான் உண்மையான எண்.

அந்த எண்ணிலும் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சேரும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் லிட்டருக்குச் சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. சுத்தப் பெட்ரோலுக்கென்று வடிவமைத்து, 10 சதவீத எத்தனாலுக்கு டியூன் செய்த கார்களில் இ20-ஆல் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே சொல்கிறது. உங்கள் 15 இதனால் 14 ஆகியிருக்கலாம். மீதி 3 எங்கே போனது என்பதுதான் கேள்வி.

இதற்கு ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள், ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கும். கழுவக் கேட்ட காசில் பாதிகூட இல்லை, வண்டி உள்ளவரை உதவும். போனில் ஒரு ஆப்பைப் போட்டு எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மூன்றே மூன்றைப் பாருங்கள்: கூலன்ட் டெம்பரேச்சர், லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம், முன் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் (எஞ்சின் பக்கம் இருப்பது முன் சென்சார், பின்னால் இன்னொன்று உண்டு).

ட்ரிம் என்பது வண்டியின் கம்ப்யூட்டர் தன் கணக்கைவிட எவ்வளவு சதவீதம் கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் ஊற்றுகிறது என்பது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்பதுதான் முழுதாக எரியும் கணக்கு, அதைத் தாண்டுகிறதா குறைகிறதா என்று ஒவ்வொரு நொடியும் சொல்லிக்கொண்டே இருப்பது இந்த சென்சார். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால் பழைய காரில் ட்ரிம் சில சதவீதம் பிளஸ் பக்கம் நிற்பது சகஜம். பிளஸ் மைனஸ் 10-க்குள் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

சென்சார் வோல்டேஜை கிராஃபாக வைத்துப் பாருங்கள். நல்ல சென்சாரில் அந்தக் கோடு 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே தையல் மெஷின் ஊசி மாதிரி சளைக்காமல் ஏறி இறங்கும். நின்றபடியே ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால் 0.8-ஐத் தாண்டித் தாவ வேண்டும், காலை எடுத்ததும் கீழே விழ வேண்டும். சோம்பலாக ஆறஅமர ஏறினால், அல்லது கீழேயே ஒட்டிக்கொண்டு கிடக்க ட்ரிம் மட்டும் பிளஸ் 20-க்குப் போனால், அப்போது சென்சார் மேல் சந்தேகப்படலாம். அது 'பெட்ரோல் போதவில்லை' என்று பொய் சொல்லும், கம்ப்யூட்டர் நம்பி ஊற்றும், மைலேஜ் போகும். ஆனால் அதற்கு முன்னால் சைலன்சர் ஜாயின்ட்டில் ஓட்டை இருந்து வெளிக்காற்றை உறிஞ்சினாலும் சென்சார் இதையேதான் சொல்லும், எனவே ஜாயின்ட்டைப் பார்த்துவிட்டு சென்சாருக்கு வாருங்கள். (புது மாடல்கள் சிலவற்றில் வைட்பேண்ட் வகை சென்சார் வரும், அதில் இந்த ஆட்டம் இருக்காது, ட்ரிம்மை மட்டும் பாருங்கள்.)

டெம்பரேச்சரை ஏன் பார்க்கச் சொன்னேன் என்றால், அதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு டிசம்பரில் என் காரின் மைலேஜ் மூன்று கிலோமீட்டர் குறைந்தது, ஒரு கராஜில் யோசிக்காமல் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி ஆறாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டார்கள், மைலேஜ் அசையவில்லை. பிறகு ஒரு நண்பரின் ஸ்கேனரைச் செருகிக்கொண்டு ஓட்டியபோது, ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போதும் 64 டிகிரி, ஏர்போர்ட் ரோட்டில் 80-இல் போகும்போது 61. எஞ்சின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருந்தது. 80-க்கு மேல் நிற்க வேண்டிய எஞ்சின் குளிர்ந்தே கிடந்ததால், இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருந்தது. பல சின்ன கார்களில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, நீல விளக்கு ஒன்றுதான், அது 50, 60-இலேயே அணைந்துவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? தெர்மோஸ்டாட்டை மாற்ற சென்சாருக்குக் கொடுத்ததில் கால்வாசிதான் ஆனது.

உங்கள் வண்டியில் ட்ரிம்மும் டெம்பரேச்சரும் ஒழுங்காக இருந்தால் எஞ்சின் கலவையில் தவறில்லை என்று அர்த்தம், சென்சார் பேச்சை அதோடு விட்டுவிட்டு சக்கரத்துக்கு வாருங்கள். டயர் காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு. பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. 86,000 ஓடிய வண்டியில், அதுவும் மழைக்காலம் கழிந்து, இது ரொம்பவே சாதாரணம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், இந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆபீஸ் நேரமோ வழியோ மாறியதா? மாரத்தஹள்ளி வழியாகக் காலை ஒன்பதரைக்குப் போவதும் ஏழரைக்குப் போவதும் ஒரே தூரம்தான், ஒரே பெட்ரோல் இல்லை. ஏசி போட்டு நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை குடிக்கும். அப்படியானால் வண்டியில் எந்தக் குறையும் இல்லாமலே 15 என்பது 11 ஆகும்.

கேள்வி: கே.ஆர். புரம். செக் எஞ்சின் லைட் எரிந்து, ஸ்கேனரில் பி0135 என்ற கோளாறு கோட் வந்ததால் ஆன்லைனில் 1,100 ரூபாய்க்கு 'ஒரிஜினல்' சென்சார் வாங்கி மாட்டினேன். பத்து நாளில் அதே லைட். வயரிங் கோளாறு என்கிறார் மெக்கானிக். யாரை நம்புவது?

பதில்: பி0135 என்பது முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட் கோட், எனவே மெக்கானிக் சொல்வதற்கும் வாய்ப்பு உண்டு. ஹீட்டருக்கான ஃபியூஸ் போயிருந்தாலும் இதே கோட்தான். ஃபியூஸைப் பாருங்கள், பிறகு சென்சாரைக் கழற்றாமலே கனெக்டரை மட்டும் பிரித்து, நான்கு ஒயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டுக்கு நடுவே மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். ஆறிய சென்சாரில் சில ஓம்ஸ் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது, ஒன்றுமே காட்டாவிட்டால் பத்தே நாளில் செத்த சரக்கு, பெரும்பாலும் டூப்ளிகேட். கனெக்டருக்குள் கிரீஸோ ஸ்பிரேயோ அடித்துவிடாதீர்கள், பல சென்சார்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை ஒயர் வழியாகத்தான் இழுக்கின்றன.

அடுத்த முறை பழைய சென்சாரின் மேல் பொறித்திருக்கும் நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு ஜே.சி. ரோட்டுக்குப் போங்கள். பாஷ், டென்சோ, என்டிகே எதுவானாலும் அந்த நம்பருக்கு நேர் நம்பர் கேட்டு வாங்குங்கள், ஜிஎஸ்டி பில் கொடுக்காத கடையில் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். புது சென்சாரின் மரையில், இறுகிக்கொள்ளாமல் இருக்க ஒரு பசை பெரும்பாலும் தடவியே வரும், அப்படி வந்தால் நீங்கள் மேலும் தடவ வேண்டாம், மூக்கில் பட்டால் அதுவும் கெடுதல். ஆன்லைன்காரர் திருப்பி எடுக்க மறுத்தால் ஆர்டர் விவரத்தோடு 1915-ஐக் கூப்பிடுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: அல்சூர். பி0420 கோட். பின் சென்சாரை மாற்றினால் மைலேஜ் கூடுமா?

பதில்: கூடாது. பின்னால் இருப்பது முக்கியமாக, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று கண்காணிக்கத்தான், பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது முன் சென்சார். கன்வெர்ட்டர் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று சொல்லும் இந்தக் கோட் வந்தால் சைலன்சர் லீக்கைப் பாருங்கள், எஞ்சின் ஆயில் குடிக்கிறதா என்று பாருங்கள், கடைசியில் கன்வெர்ட்டர்.

கேள்வி: விவேக் நகர். ஜெனரல் சர்வீஸுக்கு விட்ட காரில் என்னைக் கேட்காமலே சென்சாரை மாற்றி 8,200 ரூபாய் பில்லில் சேர்த்துவிட்டார்கள். பழையதைக் கேட்டால் ஸ்கிராப்பில் போட்டாயிற்று என்கிறார்கள். பணம் கட்டி வண்டியை எடுத்துவிட்டேன், இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். வண்டியை விடும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டை எடுத்துப் பாருங்கள், அதில் சென்சார் இல்லை, பிறகு போனிலோ மெசேஜிலோ நீங்கள் சரி சொல்லவும் இல்லை என்றால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. முதலில் சர்வீஸ் சென்டருக்கு ஈமெயில் எழுதுங்கள், போனில் பேசினால் சாட்சி இருக்காது. கேட்க வேண்டியவை: மாற்றுவதற்கு முன் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், யார் அனுமதி கொடுத்தது, பழைய பாகம் எங்கே, புது பாகத்தின் நம்பர். அதே ஈமெயிலில் கார் தயாரிக்கும் கம்பெனியின் கஸ்டமர் கேரையும் சேர்த்துவிடுங்கள், பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும். பதினைந்து நாள் கெடு கொடுங்கள்.

அசையாவிட்டால் 1915, அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. அடுத்த முறை வண்டியை விடும்போது ஜாப் கார்டில் உங்கள் கையாலேயே 'என்னைக் கேட்காமல் எந்தப் பாகமும் மாற்றக் கூடாது, மாற்றும் பழைய பாகம் எனக்கு வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.