தலைக்காயத்துக்குப் பிறகு தொலைந்த தூக்கம்

கேள்வி: என் கணவர் ராணுவ வீரர். ஒன்றரை வருடத்துக்கு முன் அருகில் குண்டு வெடித்ததில் சில நிமிடம் நினைவு தப்பியது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, லேசான மூளைக்காயம் என்றார்கள். அதிலிருந்து தூக்கமே சரியில்லை. 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறார்; தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான். மாத்திரை இல்லாமல் வழி உண்டா?
- வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: உண்டு. சிபிடி-ஐ (CBT-I) என்ற நடத்தைச் சிகிச்சை; தூக்கத்தைக் கெடுக்கும் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றுவது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இதுவே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. வழக்கமாக 6 முதல் 8 அமர்வுகள்.

தூக்கத்தைக் கெடுத்தது காயம். இத்தனை நாள் அதை நீடிக்க வைப்பது, ‘ஓய்வு எடுக்கட்டும்’ என்று அதிக நேரம் படுத்தே கிடப்பது. விழித்தபடி புரளும் இடமாகவே படுக்கை மனதில் பதிந்துவிடுகிறது.

முதலில் இரண்டு வாரம் தூக்க டைரி (படுத்த, தூங்கிய, எழுந்த நேரக் குறிப்பு) எழுதுங்கள். மறதி இருந்தால் காலையில் நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இப்போது படுக்கையில் 8 மணி நேரம், தூக்கம் ஐந்தரை. அதாவது படுக்கையில் இருக்கும் நேரத்தில் 69 சதவீதம்தான் தூக்கம். தூங்கும் நேரத்தோடு அரை மணி கூட்டி, படுக்கையை 6 மணி நேரமாகச் சுருக்க வேண்டும்: இரவு 12 முதல் காலை 6 வரை. எழும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது. இந்தச் சதவீதத்தின் ஒரு வாரச் சராசரி 85-ஐத் தொட்டால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். 80-க்குக் கீழே போனால் படுக்கை நேரத்தை 15 நிமிடம் குறைக்கலாம். ஆனால் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே வேண்டாம்.

சுமார் 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காரட்டும். கண் சொக்கியதும் திரும்பப் படுக்கட்டும். இரவில் கடிகாரம் பார்க்க வேண்டாம். படைவீரர்கள் பலர் நள்ளிரவில் எழுந்து கதவு, ஜன்னலைச் சோதிப்பார்கள். படுக்கும் முன் ஒரு முறை சோதித்தால் போதும். கேன்டீன் ரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பியும் விடும்.

முதல் இரண்டு வாரம் பகலில் கண் சொருகும், தலைவலியும் கூடலாம். பலர் கைவிடுவது இங்கேதான். அந்த நாட்களில் வண்டி ஓட்டவே கூடாது. காயத்துக்குப் பின் வலிப்பு வந்திருந்தால் படுக்கை நேரத்தை நீங்களாகக் குறைக்காதீர்கள்; தூக்கம் குறைந்தால் வலிப்பு தூண்டப்படலாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் முதலில் தூக்கப் பரிசோதனை தேவை. ஏற்கெனவே தூக்க மாத்திரை சாப்பிட்டால் திடீரென நிறுத்த வேண்டாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். வெடிப்பு கனவில் திரும்ப வருகிறதா என்றும் அவரிடம் சொல்லுங்கள், அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது.