உடைந்த கேமராவுக்குப் பதில் எதை வாங்கலாம்? கேள்வி பதில்

கையடக்க கேமரா கெட்டுப்போய், அதிகம் செலவில்லாமல் வேறொன்று தேடுகிறவர்கள் கேட்கலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பதில்களுக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். கெட்டுப்போன கேமராவில் கடைசியாக எடுத்த நூறு படங்களைக் கணினியில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் எவ்வளவு ஜூம் போட்டீர்கள், ஃபிளாஷ் எரிந்ததா, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) எவ்வளவு என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். பாதிக்கு மேல் ஃபிளாஷோடு வீட்டுக்குள் எடுத்த படங்கள் என்றால், உங்களுக்கு 30 மடங்கு ஜூம் எதற்கு? கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் படங்கள் சொல்வதைக் கேளுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஓர் ஆசிரியை: அண்ணா, பள்ளி ஆண்டு விழாவில் கேமரா மேஜையிலிருந்து விழுந்துவிட்டது. லென்ஸ் நீட்டியபடியே நிற்கிறது, லென்ஸ் எரர் என்று வருகிறது. ரிப்பேர் செய்யலாமா, வேறு வாங்கலாமா? 10,000 ரூபாய் வரை முடியும்.

இந்தக் கேமராக்களின் லென்ஸ் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழல்களால் ஆனது. ஒவ்வொரு குழலிலும் சிறு முளைகள் இருக்கும், அவை காடியில், அதாவது பள்ளத்தில், ஓடும். லென்ஸ் வெளியே இருக்கும்போது அடி விழுந்தால் முளை காடியை விட்டு விலகும், இல்லையென்றால் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்றின் பல் உடையும். பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்து, முழு சார்ஜ் போட்டு, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்து ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். மணல் துகள் சிக்கியிருந்தால் சில சமயம் இதிலேயே சரியாகிவிடும். கையால் அழுத்தி உள்ளே தள்ள வேண்டாம். வீட்டில் யாரும் ஸ்க்ரூவைக் கழற்றவும் வேண்டாம். ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும் அது ஆளைத் தூக்கியடிக்கும்.

அப்படியும் வரவில்லை என்றால் லென்ஸை மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவில் அதே மாடலைப் பழையதாகவே வாங்கிவிடலாம் என்பதால் ரிப்பேர் வேண்டாம் என்பேன்.

உங்கள் தொகைக்குப் புதியது தேடினால் ஏமாற்றம்தான் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி 2010இல் எல்லா வகையும் சேர்த்து 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்குப் போயின. 2023இல் அது 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை. போன் விழுங்கியதில் பெரும்பகுதி இந்த மலிவு விலைக் கேமராக்கள்தான். கேசியோ 2018இலேயே இந்த வியாபாரத்தை விட்டுப் போய்விட்டது. அதனால் செகண்ட் ஹேண்ட் வாங்குங்கள் என்பது என் யோசனை.

கேனான் இக்ஸஸ் 190, சோனி டபிள்யூ830 இரண்டும் உங்களுக்குப் பொருந்தும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இக்ஸஸ் 185, 190 இரண்டும் 2017இல் ஒன்றாக வந்தவை, பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸையே அசைத்துக் கொடுக்கும் ஏற்பாடு 190இல்தான் உண்டு. 185 அதை மென்பொருளால் ஒப்பேற்றுகிறது. சோனியிலும் அப்படித்தான்: 830இல் இருக்கிறது, 800இல் இல்லை. மங்கலான விழா மேடையில் இந்த ஒரு வசதிதான் படம் தெளிவாக இருக்குமா, கலங்கியிருக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஆன்லைனில் 4,000 ரூபாய்க்கு 48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம் என்று ஒரு கேமரா பார்த்தேன், படம் அனுப்பியிருக்கிறேன். ஆர்டர் போடட்டுமா?

வேண்டாம் தம்பி. அந்தப் படத்தைப் பெரிதாக்கி லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். உண்மையான ஜூம் கேமராவில் அங்கே இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். இக்ஸஸ் 185இல் 5.0-40.0 மிமீ என்று இருக்கும். பெரிய எண்ணைச் சிறியதால் வகுத்தால் 8 வருகிறது இல்லையா, அதுதான் 8 மடங்கு ஜூம். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரே எண்தான் இருக்கிறது. அப்படியானால் லென்ஸ் நகராது. 16 மடங்கு என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான், அதை உங்கள் போனிலேயே செய்துகொள்ளலாம்.

48 மெகாபிக்சல் என்பதும் இப்படித்தான். இந்த வகைப் பெட்டிகளில் ஒரு சின்ன சென்சார் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) எடுத்த படத்தை இழுத்து நீட்டி அந்த எண்ணிக்கைக்குக் கொண்டுவருவார்கள். புதிதாக ஒரு விவரமும் அதில் சேராது. அந்த 4,000 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பத்து வருடப் பழைய நல்ல கேமரா ஒன்றை வாங்குங்கள்.

ஈரோட்டிலிருந்து: ஆல்பம் போடுவதற்கு எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?

4×6 அங்குலப் பிரிண்டுக்கு 2 மெகாபிக்சல் கொஞ்சம் தாண்டினால் போதும். ஏ4 அளவுக்கு 9 இருந்தால் தாராளம். பழைய 10 மெகாபிக்சல் கேமராவைத் தயங்காமல் வாங்கலாம்.

கும்பகோணத்திலிருந்து: பக்கத்து ஊர்க் கோவில்களில் அனுமதி வாங்கிச் சிற்பங்களைப் படம் எடுத்து வைக்கிறேன். ஃபிளாஷ் கூடாது. மண்டபத்துக்குள் என் பழைய கேமராவில் படமெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது. இப்போது அதுவும் கெட்டுவிட்டது. 20,000, 25,000 வரை செலவழிக்கலாம்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கையடக்க கேமராவுக்கு இதைவிட நல்ல வேலை வேறில்லை.

புள்ளி புள்ளியாக வருவது வெளிச்சப் பற்றாக்குறையால். அதற்கு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று சென்சாரின் பரப்பு. சாதாரண கையடக்க கேமராவின் சென்சார் 6.2×4.6 மிமீ, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஒரு அங்குல வகை என்று சொல்லப்படுவது 13.2×8.8 மிமீ, அதாவது நான்கு மடங்கு பரப்பு. இன்னொன்று லென்ஸின் வாய். எஃப் எண் சிறியதாக இருந்தால் வாய் பெரிது. எஃப் 3.2 லென்ஸைவிட எஃப் 1.8 லென்ஸ் மூன்று மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இரண்டும் சேரும்போது மண்டபத்து இருட்டில் படம் வேறு மாதிரி இருக்கும்.

2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடலில் இந்த இரண்டும் உண்டு. உங்கள் தொகைக்குள் நல்ல நிலையில் அது அமைந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன்: ஜூமை முழுக்க நீட்டினால் அந்த எஃப் 1.8 எஃப் 4.9 ஆகிவிடும். தூணின் உச்சியில் இருக்கும் யாளியை ஜூம் போட்டு எடுக்கும்போது வெளிச்சம் குறைந்துவிடும். அதே 2012இல் வந்த பேனசோனிக் எல்எக்ஸ்7இன் சென்சார் சிறியதுதான். ஆனால் லென்ஸ் எஃப் 1.4இல் தொடங்கி முழு ஜூமிலும் எஃப் 2.3இல் நிற்கும். சட்டைப் பைக்குள் அடங்காது, தோளில் தொங்கவிட வேண்டும். கிட்டே நின்று எடுக்க முடிகிற சிற்பங்களே அதிகம் என்றால் சோனி, உயரத்தில் இருப்பவை அதிகம் என்றால் பேனசோனிக். நானாக இருந்தால் கோவிலுக்கு எல்எக்ஸ்7ஐத்தான் எடுத்துப் போவேன்.

இதுவும் கட்டுப்படியாகாதவர்கள் 2010இல் வந்த கேனான் எஸ்95ஐத் தேடலாம். எஃப் 2.0, நிஜமாகவே சட்டைப் பைக்குள் போகும்.

எந்தக் கேமரா வாங்கினாலும், தூணில் முதுகைச் சாய்த்து, இரண்டு வினாடி டைமர் வைத்து எடுத்துப் பாருங்கள். பட்டனை அழுத்தும்போது வரும் அசைவு இல்லாமல் போகும்.

திருநெல்வேலியிலிருந்து: அப்பாவுக்கு 74 வயது. இரண்டு பென்சில் செல் போடும் கேமராதான் அவருக்குப் பழக்கம். அது போய்விட்டது. சார்ஜர், கேபிள் எல்லாம் அவருக்கு ஒத்துவராது. வெயிலில் ஸ்கிரீனும் தெரியவில்லை என்கிறார்.

அப்பாவுக்கு 2011இல் வந்த கேனான் ஏ1200 தேடிக் கொடுங்கள். இரண்டு பென்சில் செல்தான். கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு துவாரமும் இருக்கிறது. அந்த வகையில் அந்த வசதியோடு வந்த கடைசிக் கேமராக்களில் அதுவும் ஒன்று. அமையவில்லை என்றால் கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்45 பாருங்கள். அதுவும் இரண்டு செல்தான், துவாரம் மட்டும் கிடையாது. கோடாக் என்பது பெயருக்கான உரிமம் மட்டுமே, தயாரிப்பது ஜேகே இமேஜிங் என்ற வேறு நிறுவனம். எளிமையான கேமரா, குறை சொல்ல மாட்டேன்.

சாதாரண செல் போட்டால் சீக்கிரம் தீர்ந்துபோய் அப்பா கேமராவைத்தான் குறை சொல்வார். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நான்கு வாங்குங்கள். நீங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் சார்ஜ் போட்டு வைத்துவிட்டு வரலாம்.

சென்னையிலிருந்து ஒரு மாணவி: பழைய சிசிடி கேமராவில் கலர் அழகாக வரும் என்று தோழிகள் எல்லாம் வாங்குகிறார்கள். உண்மையா?

சிசிடி என்பது பழைய கேமராக்களில் இருந்த ஒரு வகை சென்சார். அந்தக் காலத்துக் கேமராக்கள் நிறத்தைக் கையாண்ட விதம் வேறு, அது உண்மைதான். ஆனால் அதில் சிசிடிக்கு இருக்கும் பங்கைவிட அந்த நிறுவனங்கள் படத்தைப் பதப்படுத்திய விதத்துக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். பிடித்திருந்தால் வாங்குங்கள், அதில் தப்பில்லை.

ஆனால் 2002 முதல் 2004 வரையிலான கேமராக்களைத் தவிருங்கள். சோனி அப்போது தயாரித்த சில சிசிடிகள் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் உள்ளே இணைப்பு விட்டுப்போகும் என்று 2005இல் தெரியவந்தது. பல கம்பெனிகளின் கேமராக்களில் அதே சிசிடி இருந்ததால் எல்லோரும் இலவசமாக மாற்றித் தர வேண்டியதாயிற்று. இப்போது யாரும் மாற்றித் தரப் போவதில்லை. சென்னையில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் என்ன பஞ்சம்?

வேலூர், சேலம், தஞ்சாவூர் என்று பல ஊர்களிலிருந்து வந்தது: பழையது வாங்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

என் பழைய கேமரா கடற்கரை மணலில் வீணான பிறகு, அவசரத்தில் ஒரு கடையில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மட்டும் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்தப் படத்திலும் வலது ஓரம் மங்கல். எப்போதோ விழுந்து லென்ஸ் கோணிப்போன கேமரா அது. மூவாயிரம் ரூபாய் போனது. அன்றிலிருந்து ஒரு செய்தித்தாளையும் என் மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

செய்தித்தாளைச் சுவரில் விரித்துப் பிடிக்கச் சொல்லி நேர் எதிரே நின்று எடுங்கள். நான்கு மூலையிலும் எழுத்து ஒரே அளவு தெளிவாக இருக்க வேண்டும். அடுத்து ஜூமை முழுக்க நீட்டி வெள்ளைச் சுவரை எடுங்கள். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி, இந்தக் கேமராக்களில் அதை எளிதில் சுத்தம் செய்ய முடியாது. பிறகு ஜூமைப் பத்துத் தடவை முன்னும் பின்னும் ஓட்டிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள், நறநறவென்று சத்தம் வந்தால் மணல். போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரிக் கோடு தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

பேட்டரி மூடியின் கொக்கி இந்தக் கேமராக்களில் அடிக்கடி உடையும். பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள், மேஜைமேல் வைத்துச் சுற்றினால் பம்பரமாகச் சுற்றக் கூடாது. ஸ்க்ரூ தலையில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். மெனு மொழியையும் கவனியுங்கள்: ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கு வந்த பல சோனி மாடல்களில் ஜப்பானிய மொழியைத் தவிர வேறு கிடையாது.

நாகர்கோவிலிலிருந்து: பழைய கேமரா ஒன்று வாங்கினேன். புது 64 ஜிபி கார்டு போட்டால் கார்டு எரர் வருகிறது. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. கார்டில் மூன்று வகை: 2 ஜிபி வரை எஸ்டி, 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. 2009க்கு முந்தைய கேமராவுக்குக் கடைசி வகை என்னவென்றே தெரியாது. 8 ஜிபி கார்டு போட்டுப் பாருங்கள். 2006க்கும் முந்தையது என்றால் 2 ஜிபிதான். இன்னும் வாங்காதவர்களுக்கு: பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்களில் சில எக்ஸ்டி என்ற தனி வகைக் கார்டை மட்டுமே ஏற்கும், பழைய சோனிகள் மெமரி ஸ்டிக் கேட்கும். கார்டோடு சேர்த்துக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: கடல் காற்றில் இரண்டு கேமரா போய்விட்டது. தண்ணீர் புகாத கேமரா பழையதாக வாங்கலாமா?

ஒலிம்பஸ் டிஜி-6 மாதிரி கேமராக்கள் புதிதாக இருக்கும்போது 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். ஆனால் தண்ணீரைத் தடுப்பது ஒரு ரப்பர் வளையம்தான். வயதாக ஆக அது இறுகிப்போகும். பழையதை உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் நம்பலாம், தண்ணீருக்குள் இறக்காதீர்கள். இரவில் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறை வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சையை வளர்க்கும்.

கோவையிலிருந்து: போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நல்ல வெளிச்சத்தில், ஜூம் இல்லாமல், போனில் பார்ப்பதற்கு மட்டும் என்றால் தேவையில்லை. 10,000 ரூபாய் கேமராவைவிட இன்றைய நடுத்தர விலை போன் இரவில் நன்றாகவே எடுக்கும். உண்மையான ஜூம் வேண்டும், ஃபிளாஷ் வேண்டும், குழந்தை கையில் போனைக் கொடுக்க மனமில்லை என்பவர்களுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

காரைக்குடியிலிருந்து: கெட்டுப்போன கேமராவை என்ன செய்வது?

பேட்டரியையும் சார்ஜரையும் எடுத்து வையுங்கள், அதே கம்பெனியின் வேறு மாடலுக்குப் பொருந்தலாம். ஒரே என்பி-11எல் வகை பேட்டரி பல இக்ஸஸ்களுக்குப் பொருந்தும். உடலை உதிரிப் பாகத்துக்கு வாங்கிக்கொள்ளும் ரிப்பேர்காரர்கள் உண்டு. கொடுப்பதற்கு முன்னால் கார்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். பல கேமராக்களில் கொஞ்சம் உள் நினைவகம் இருக்கும், கார்டு போட மறந்த நாளில் எடுத்த படங்கள் அதில்தான் போய் உட்கார்ந்திருக்கும்.